புருஷன் என்ற சொல்லுக்கு நேர் தமிழ்

"இல்லய்யா, நான் தனியாத்தான் வந்தேன்" என்று ஆவுடை கண்டக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பஸ் முழுக்க விழுந்தது. மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு அம்மா சொன்ன பதில். எனக்கு, முப்பத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவள் சொன்ன பதில். நான் ஆம்பிளைகள் பக்கம், பின் வாசலுக்கு முந்தின சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அச்சுக்குப் போகிற தாள்கள். பக்கத்தில் நயினார், என் பழைய மாணவன், நான் ஓய்வுபெற்ற அதே கல்லூரியில் இப்போது தத்துவத் துறைத் தலைவன். டவுனில் ஒரு கல்யாணம் சாப்பிட்டுவிட்டு நானும் ஆவுடையும் மகாராஜ நகர் போக இந்த பஸ்ஸில் ஏறினோம். அவள் முன் வாசல், நான் பின் வாசல், அது ஊர் வழக்கம். அடுத்த ஸ்டாப்பில் நயினார் ஏறினான். ஸ்கூட்டரை மகாராஜ நகரில் ரிப்பேருக்கு விட்டிருக்கிறானாம், எடுக்கப் போகிறானாம். என்னைப் பார்த்ததும் "சார்!" என்று முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தான். யாரோடு வந்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. ஈரடுக்குப் பாலத்தில் பஸ் ஏறும்போதுதான் முன்னால் அந்தச் சத்தம். பந்திப் பாயசமும் வெயிலும் டீசல் புகையும் சேர்ந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள், அது வரவில்லை. காலடியிலேயே, பட்டுச் சேலையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கண்டக்டர் கத்தினான். "யாரும்மா அது! இப்பத்தான் டிப்போல கழுவி எடுத்துட்டு வாரேன். கூட வந்தது யாரு? ஏய், இந்தம்மா புருஷன் பஸ்ல இருக்காரா?" புருஷன் என்றுதான் கேட்டான். பின்பக்கம் பார்த்து, இரண்டு தடவை. அந்தச் சமயம் என் சுட்டுவிரல் தாளில் புருஷன் என்ற சொல்லின் மேல் இருந்தது. ஒரு மாணவன் இப்படிக் கட்டுரை எழுதியிருந்தால், ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நம்பும்படி இல்லை என்று ஓரத்தில் எழுதியிருப்பேன். ஆனால் அப்படித்தான் நடந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டால் நூறு காரணம் சொல்வேன், முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்த வாய். முதல் காரணம், நான் அப்போது புருஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நயினார் ஒரு தத்துவக் கலைச்சொல் அகராதி கொண்டுவருகிறான். அதில் உயிரைக் குறிக்கிற வடசொற்கள் என் பங்கு. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, கடைசியில் ஒரே சொல்லில் நேர் தமிழும் கொடுக்கவேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது. ஆத்மா என்றால் ஆதியில் மூச்சு, அப்புறம் 'தான்'. ஜீவன் என்றால் வாழ்கிறவன். உடம்பில் மாட்டிக்கொண்டு, பசி, பயம், வெட்கம் எல்லாம் தன்னுடையது என்று நினைத்துத் தவிக்கிறவன். க்ஷேத்ரஜ்ஞன் என்றால் வயலை அறிந்தவன்; வயல் என்பது உடம்பு. புருஷன் மட்டும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. "புருஷன்னு தலைப்புப் போட்டா ஜனங்க வீட்டுக்காரர்னு வாசிப்பாங்க சார், குழுவுல எல்லாரும் சிரிக்காங்க. நேர் தமிழ் ஒண்ணு கட்டாயம் வேணும்" என்றான் நயினார். நான் கையை உயர்த்தி, பழைய வகுப்புக் குரலை எடுத்தேன். சாங்கியக்காரன் சொல்கிறபடி பார்த்தால் உலகத்தில் இரண்டே பொருள்தான் நயினார். ஒன்று பிரகிருதி. நடக்கிற அத்தனை காரியமும் அவளுடையது. ஆடுவது, அழுவது, பெறுவது, கட்டுவது, கலைப்பது எல்லாம் அவள். இன்னொன்று புருஷன். அவன் எதிலும் ஒட்டமாட்டான். அவன் சாட்சி. "சும்மா பாத்துக்கிட்டிருக்கதுதான் அவன் லட்சணமே" என்று நான் முடிக்கவும், முன்னால் அந்தச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அப்போது எழுந்து, அது என் வீட்டுக்காரிதான் என்று சொல்லிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போயிருந்தால் நயினார் என்ன நினைத்திருப்பான்? ஒன்றும் நினைத்திருக்க மாட்டான். கூட வந்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான். அப்படியானால் யாருக்கு வெட்கப்பட்டேன்? பட்டுச் சேலையில் வழிகிற அந்த மஞ்சள் பாயசத்துக்கு. அது என்னோடு சம்பந்தப்பட்டது என்று பஸ்ஸில் நாற்பது பேருக்குத் தெரிந்துவிடுமே என்று. இவ்வளவுதான் காரணம். இதற்குமேல் சாங்கியம் ஒன்றும் கிடையாது.

முதலில் அது அவள் என்று தெரியவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். ஓங்கரிக்கிற சத்தத்திலேயே தெரியும். மூன்று மசக்கையில் கேட்ட சத்தம், ஒன்று தங்கவில்லை, அந்தச் சத்தம் மட்டும் தங்கிவிட்டது. தெரிந்த பிறகுதான் தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன், முகத்துக்கு. கண்டக்டர் இரண்டாம் தடவை கேட்டபோது அவள் திரும்பினாள். வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு, பெண்கள் தலைகளுக்கு மேலே, நிற்கிற ஆட்களின் இடுக்கு வழியாக, சீட் சீட்டாகத் தேடிக்கொண்டு வந்தாள். நான் தாளை இறக்கினேன். எதற்கு இறக்கினேன் என்று தெரியவில்லை, அந்த ஒன்றை மட்டும் எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளலாம். அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். நான் எழுந்திருக்கப் போவதில்லை என்பதையும் பார்த்தாள். பக்கத்தில் நயினாரைப் பார்த்தாள், மடியில் தாளைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்புறம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள், தனியாத்தான் வந்தேன் என்று. குரலில் கோபம் இல்லை. காய்காரனிடம் கால் கிலோ போதும் என்று சொல்கிற குரல். "பாவம் சார் அந்தம்மா" என்றான் நயினார். "சில பேருக்கு பஸ் ஒத்துக்கிடாது" என்றேன் நான். பேசாமல் இருந்தாலாவது ஒரு குற்றத்தோடு போயிருக்கும். சில பேருக்கு! கட்டின பெண்டாட்டியைப் பற்றி ஒரு பொது விதி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நயினார் சும்மா இருக்கவில்லை. "உங்க பையில தண்ணி இருக்குல்லா சார்" என்று கேட்டுக்கொண்டே கையை விட்டு பாட்டிலை எடுத்துவிட்டான். எவர்சில்வர் பாட்டில், கழுத்தில் சிவப்பு நூல். பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் ஒருதரம் மாறிப்போய்விட்டது என்று அவள் கட்டிவிட்ட நூல். காலையில் அவள் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றின சீரகத் தண்ணீர். "முன்னால குடுங்க, அந்தம்மாட்ட குடுங்க" என்று நயினார் சொல்ல, கை மாறிக் கை மாறி அது போனது. ஆறு கையா ஏழு கையா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கை அவளிடம் நீட்டியது. அவள் வாங்கினாள். பெருவிரல் நூலின் மேல் ஒரு நிமிஷம் நின்றது. யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை.

பாட்டில் அதே வழியாகத் திரும்பி வந்தது. மூடி இறுக்கித் திருகியிருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருக்கிறது. மூன்று மணிக்கு நான் பிரஷர் மாத்திரை போடவேண்டும் என்று மிச்சம் வைத்திருக்கிறாள். வாயெல்லாம் புளித்துக் கசந்திருக்கும், முகம் கழுவவேண்டும் என்றிருந்திருக்கும், ஒரு வாய் கொப்பளித்து ஒரு வாய் குடித்துவிட்டு, மாத்திரைக்கு என்று மூடி அனுப்பியிருக்கிறாள். பஸ் ஜங்ஷனில் நின்றது. இறங்குகிறவர்கள் முன்பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இங்கே எழுந்து போகலாம். கூட்டம் குறைந்திருக்கிறது, இப்போது போனால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். யாரும் கவனிக்காமல் போவதற்காகவா போகவேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது, அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். எனக்கு எப்போதும் இதுதான். ஒரு நல்ல கேள்வி கிடைத்தால் போதும், செய்யவேண்டிய வேலையை அது தின்றுவிடும். ஆற்றுப் பாலத்தில் காற்று வந்தது, காற்றோடு அந்த வாடையும் வந்தது. முன் சீட்டு ஆள் துண்டால் மூக்கை மூடினான். நானும் மூக்கருகே கையைக் கொண்டுபோனேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் என் வாந்தியை அவள் கையில் ஏந்தியிருக்கிறாள். ஏந்தின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கஞ்சி கொஞ்சம் கெட்டியாப் போச்சோ என்று தன்மேல்தான் குறை சொல்லுவாள்.

"குழுவுல கேட்ட கேள்வி, நீங்க வகுப்புல சொல்லுவியளே, ஒரு பாமரப் பொம்பள கேட்டான்னு, அதே கேள்விதான் சார்" என்றான் நயினார், சிரித்துக்கொண்டு. அந்தப் பாமரப் பெண் முன்னால் நாலாவது சீட்டில் இருக்கிறாள். கல்யாணமான வருஷம், அவள் கொத்தவரங்காய் அரிந்துகொண்டிருக்கிறாள், நான் நாளைய பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். "ஏங்க, புருஷன் ஒண்ணுஞ் செய்யமாட்டான், பிரகிருதிதான் எல்லாஞ் செய்யும்னு வாசிக்கியளே, அது நம்ம வீட்டுக் கதைல்லா?" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். என் வீட்டில் என்று சொல்லாமல், ஒரு பாமரப் பெண் என்று சொன்னேன். அதன் பிறகு வருஷா வருஷம் சாங்கியம் தொடங்குகிற அன்று அந்த நகைச்சுவை உண்டு. மாணவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். அறியாமைக்கு உதாரணம் என்று சொல்லுவேன். ஒரு சொல்லுக்கு வழக்கில் ஒரு பொருள், சாஸ்திரத்தில் ஒரு பொருள், இரண்டையும் குழப்பக்கூடாது. அவள் குழப்பவில்லை. இன்றைக்கு, இந்த முப்பத்தெட்டாவது வருஷம், இந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைக்கிறது, அவள் குழப்பவே இல்லை. அவள் என்னைக் கேலி செய்தாள். அன்றைக்குக் காலையில் என் அக்கா வந்து, காப்பி போடத் தெரியாதவளை எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். நான் அங்கேயே நாற்காலியில் இருந்தேன், பேப்பர் வாசித்தேன். சாயங்காலம் அவள் கேட்ட கேள்வி அது. காலையும் சாயங்காலமும் ஒரே நாள் என்று எனக்கு இத்தனை வருஷம் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதையும் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

அன்றோடு போயிற்றா. குழந்தை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்; பார்க்க வந்தவர்கள் எல்லாம், சாருக்கு என்ன நிதானம், தத்துவம் படித்தவர் என்றால் சும்மாவா என்றார்கள். எனக்கு அது இனித்தது. சொல்லத்தான் வேண்டும், இனித்தது. உள்ளே அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மகள் கல்யாணத்தில் சம்பந்திக்குப் பந்தியில் இடம் போடவில்லை என்று அக்கா ஊர் கூட்டி அவளைப் பேசியபோது நான் தூணோரம் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். இதற்கெல்லாம் நான் வைத்திருந்த பேர் பற்றின்மை. பக்கத்து வீட்டு லாரி டிரைவரிடம் கேட்டால் வேறு பேர் சொல்லுவான், சொரணை கெட்டதனம் என்பான், அவனுக்கு வடமொழி தெரியாது. கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று சும்மாவா சொன்னார்கள். கல்லுக்கும் புல்லுக்கும் வைத்த பழமொழியில் மனுஷனைக் காணோம். புருஷன் என்ற சொல்லைப் பிரித்தும் எழுதியிருக்கிறேன் விளக்கத்தில்: புரி என்றால் ஊர், நகரம், அதில் படுத்திருப்பவன் புருஷன். உடம்பாகிய ஊரில் படுத்திருப்பவன். பாடபேதம் இல்லாமல் பொருந்துகிறது, வீட்டில் படுத்திருப்பவன். இன்னோர் உவமையும் உண்டு, நான் ரசித்து ரசித்து நடத்தினது. பிரகிருதி கண் தெரியாதவள், புருஷன் கால் இல்லாதவன். அவள் தோளில் இவன் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். இவன் வழி சொல்ல அவள் நடக்கிறாள். எத்தனை அழகு என்பேன். தோள் வலிக்காதா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் கதையில் அவளுக்குக் கண்ணும் தெரியும்.

வண்ணார்பேட்டை. கல்லூரிப் பெண் ஒருத்தி தன் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கிறாள். ஆவுடை குனிந்து பஸ் தரையைத் துடைக்கிறாள். மூட்டு வலிக்காரி, வீட்டில் தரை துடைக்க ஆள் வைத்திருக்கிறோம், அவள் குனிகிறாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால். கண்டக்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "விடுங்கம்மா, டிப்போல பாத்துக்கிடுதேன், நீங்க உக்காருங்க" என்கிறான். அவள் விடவில்லை. தாம்பூலப் பையிலிருந்து தேங்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அழுக்குத் தாளை எல்லாம் அந்தப் பையில் திணிக்கிறாள். தாயார் வீட்டுப் பழக்கமோ என்னவோ, எடுத்த காரியத்தைப் பாதியில் விடமாட்டாள். நயினார் எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான். "இந்த வயசுல தனியா அனுப்பிட்டு, புருஷங்காரன் வீட்ல மல்லாந்து படுத்திருப்பான் சார்." நான் தலையை ஆட்டினேன். தலை தானாக ஆடிவிட்டது, மாணவன் சரியான விடை சொன்னால் ஆடுகிற பழக்கம். எனக்குப் பயம் வேறு பிடித்துக்கொண்டது. இவன் நாலு வருஷமாக வீட்டுக்கு வருகிறான். முன் அறையில் உட்காருவான். கதவிடுக்கில் காப்பி வரும். தம்ளரும், இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கையும்தான் அவனுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை, நான் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினதில்லை. அந்தக் கை இப்போது கம்பியைப் பிடித்திருக்கிறது. வளையல் இங்கிருந்தே தெரிகிறது. அவன் அங்கே பார்க்கும்போதெல்லாம் நான் தாளைக் காட்டி ஏதாவது கேட்கிறேன், இந்த இடத்தில் கமா வேண்டாமா, இங்கே ஒற்று மிகுமா. நாற்பது வருஷமாக ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் எனக்குத் தெரியும்.

முருகன்குறிச்சியில் தீர்மானம் செய்தேன். பாளை பஸ் ஸ்டாண்டுக்குள் சொல்லிவிடவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து வாக்கியம் யோசித்தேன், எல்லாம் முன்னுரையாகவே இருந்தது. நயினார், அவள் என் மனைவி. மூன்று சொல்தான். மனைவி வேண்டாம், அது மேடைச் சொல். சம்சாரம்? அது வேறு வம்பு, பிறவிக் கடல். வீட்டுக்காரி, அது சரி. வாயைத் திறந்தேன். "நயினார், ஒரு விஷயம்" என்றேன். "ஆமா சார், நானே கேக்கணும்னு நெனச்சேன்" என்றான் அவன், "கைவல்யத்துக்கு என்ன போட? தனிமைன்னு போடவா, வீடுன்னு போடவா?" நான் என்ன செய்தேன்? பதில் சொன்னேன். பாளை பஸ் ஸ்டாண்டு வந்து, நின்று, ஆள் ஏற்றிப் புறப்படுகிறவரைக்கும் சொன்னேன். பிரகிருதி நாட்டியக்காரி மாதிரி. சபையில் எல்லாம் ஆடிக் காட்டுவாள். புருஷன் தன்னை முழுசாகப் பார்த்துவிட்டான் என்று தெரிந்த நிமிஷம் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவாள். அப்புறம் அவன் கண்ணில் பட மாட்டாள். அதன் பிறகு அவனுக்கு மிச்சம் இருப்பது தான் மட்டும்தான். அதற்குப் பேர் கைவல்யம். "வீடுன்னு போடாத, வீடுன்னா யாராவது இருக்கணும்லா. தனிமைன்னே போடு" என்றேன். "அருமை சார்" என்று நயினார் குறித்துக்கொண்டான். அவன் குறிக்கும்போது எனக்குள் அந்தப் பழைய இனிப்பு ஒரு சொட்டு ஊறியது, இத்தனைக்கும் நடுவில், சத்தியமாக ஊறியது. என் பெண்டாட்டி நாலு சீட்டு முன்னால் ஈரச் சேலையோடு நிற்கிறாள், உட்கார்ந்தால் சீட்டில் அழுக்குப் படும் என்று நிற்கிறாள், எனக்கு ஊறுகிறது. இந்த உவமையில் ஒரு பிழை இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. பார்க்கப்பட்டவள் அவள் இல்லை. ஈரடுக்குப் பாலத்தின் மேல் இன்றைக்குப் பார்க்கப்பட்டவன் நான். அவள்தான் பார்த்தாள், முழுசாக.

சமாதானபுரம் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு ஸ்டாப். இப்போது வேறொரு பயம் வந்தது, இறங்கின பிறகு என்ன என்று. நயினாரும் அங்கேதான் இறங்குகிறான். நான் கொஞ்சம் பின்தங்கி, அவனை ஸ்கூட்டர் கடைப் பக்கம் அனுப்பிவிட்டு, அப்புறம் வேகமாக நடந்து அவளைப் பிடித்துக்கொள்ளலாம். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். வீட்டுக்குப் போய்க் குளிப்பாள், எனக்கு மோர் கலந்து தருவாள், சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டால் கல்யாணச் சாப்பாடு நல்லா இருந்துச்சு என்பாள். இன்றைக்கு நடந்தது தூணோரமும் ஆஸ்பத்திரி வராந்தாவும் போன இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எவ்வளவு சுலபம். அந்தச் சுலபத்தை நினைத்ததும் எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. நான் எழுந்தேன். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தாள்கள் மடியிலிருந்து சரிந்தன, நயினார் பாய்ந்து பொறுக்கினான். "என்ன சார், இன்னும் ஸ்டாப் வரலையே" என்றான். சொல்லுகிறேன், கீழே இறங்கினதும் அவள் முன்னால் வைத்து, அவள் காதுபடச் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் சொன்னால் அது நயினாரிடம் சொன்னதாகும். அவளிடம் அல்லவா சொல்லவேண்டும். இதுவும் ஒத்திப்போடுகிற தந்திரமோ என்று ஒரு சந்தேகம் தலையைத் தூக்கியது, அதை அமுக்கினேன். ஒரு வாக்கியம் சொல்வதற்கு ஒரு கிழவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மகாராஜ நகர். அவள் முன் வாசலில் இறங்கினாள், நான் பின் வாசலில், எனக்குப் பின்னால் நயினார். பஸ் போய்விட்டது. பஸ் போனதும் எங்களுக்கு நடுவில் இருந்த மறைப்பும் போய்விட்டது. பத்தடி தூரத்தில் மருந்துக் கடை நிழலில் நின்று அவள் முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் தேங்காயை இடுக்கியிருந்தாள். நான் நேரே போனேன். பாட்டில் கையில் இருந்தது. "நயினார், இங்க வா" என்றேன், குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது, மருந்துக் கடைப் பையன்கூட நிமிர்ந்து பார்த்தான். "இது ஆவுடை. என் வீட்டுக்காரி. டவுன்லேருந்து என்கூடத்தான் வந்தா. கண்டக்டர் கேட்டது என்னைத்தான். நான் எந்திரிக்கல." சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவளுக்காக நான் பேசின முதல் பேச்சு. நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். நயினார் என்னைப் பார்த்தான், பாட்டிலின் சிவப்பு நூலைப் பார்த்தான், அப்புறம் தேங்காயைப் பிடித்திருந்த கையை, அந்தப் பச்சை வளையலைப் பார்த்தான். அவன் தலை தாழ்ந்துவிட்டது. ஆவுடை அவனிடம்தான் பேசினாள். "தண்ணி குடுத்தது நீங்கதானய்யா? நல்லா இருங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். பஸ்ஸில் பார்த்த மாதிரியே பார்த்தாள், அவ்வளவு நேரம் இல்லை, கொஞ்ச நேரம். மறுபடியும் அவனிடமே சொன்னாள், அதே கால் கிலோ குரலில். "இவுக தப்பாச் சொல்லுதாவ. நான் தனியாத்தான் வந்தேன்."

இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு ஆட்டோவைப் போகவிட்டு, ரோட்டைக் கடந்தாள். அழுக்குப் பையைத் தொட்டியில் போட்டாள். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் நின்று இடுப்பில் செருகியிருந்த சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. "போங்க சார், கூடப் போங்க" என்றான் நயினார், தரையைப் பார்த்துக்கொண்டே. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.